பரணிலிருந்து இறங்கிய ரவுட்டர்

போகிக்கு முந்தின நாள், பரணில் கிடந்த பழைய சாமான்களையெல்லாம் கீழே இறக்கி, எடைக்குப் போடத் தக்கவை எவை, யாருக்காவது கொடுத்துவிடத் தக்கவை எவை, இன்னும் ஒரு வருஷம் வைத்திருந்து பார்க்கத் தக்கவை எவை என்று வீட்டார் கூடி விசாரணை நடத்திக்கொண்டிருந்தபோது, எந்த வகையிலும் சேராத கறுப்புப் பெட்டி ஒன்று திண்ணையில் தனியே கிடந்தது. நத்தைக் கொம்புபோல் இரண்டு ஆன்டெனாக்கள். காற்றுத் துளைகளுக்குள் எட்டிப் பார்த்தால் வெள்ளையாகப் பல்லி முட்டை ஓடுகள். அடிப்புறத்தில், பூச்சி அரித்தது போக மிச்சமிருந்த காகிதத்தில், ஒரு காலத்தில் வீடு முழுவதும் மனப்பாடமாக இருந்த வைஃபை பாஸ்வேர்டு. எங்கள் தெருவில் கேபிள் டி.வி.க்காரரே இன்டர்நெட் கம்பியும் கொடுத்துக்கொண்டிருந்த நாளில் வாங்கிய ரவுட்டர் அது. பிறகு கண்ணாடி இழை வந்தது. இணைப்புக் கொடுத்தவர்களே ஒரு வெள்ளைப் பெட்டியைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். கறுப்புப் பெட்டி பரண் ஏறிற்று.

அதை எடைக்குப் போடும் பக்கமாக நான் நகர்த்தியபோது, பண்டிகைக்கு வந்திருந்த என் தங்கை மகன், ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் உத்தியோகம் பார்ப்பவன், கையை நீட்டித் தடுத்தான்.

“அதப் போட்டுடாதீங்க மாமா. ரெண்டாங்கட்டுக்கு ஸ்விட்ச் ஒண்ணு வாங்கணும்னு சொன்னீங்கள்ல? அதுக்குள்ளயே ஒண்ணு உக்காந்திருக்கு.”

எனக்கு ஸ்விட்ச் வேண்டியிருந்தது வாஸ்தவம். எங்கள் வீடு பாட்டனார் காலத்தது. சுண்ணாம்பும் செங்கல்லுமாக ஒன்றரை அடிக் கனத்துக்கு எழுப்பிய சுவர்கள், சித்திரை வெயிலைத் தடுப்பதில் காட்டும் அதே சாமர்த்தியத்தை வைஃபை அலைகளைத் தடுப்பதிலும் காட்டுகின்றன. கூடத்தில் பளிச்சென்று கிடைக்கும் அலை, முற்றத்தைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குள் போவதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. ஆகையால் உத்தரத்தின் ஓரமாகவே ஒரு லேன் கேபிளை இழுத்து இரண்டாம் கட்டில் இறக்கியிருந்தோம். ஆனால் அங்கே காத்திருந்த உருப்படிகளோ நான்கு: டி.வி., பையனின் கம்ப்யூட்டர், பிரின்டர், வாசல் கேமராக்களின் பதிவுப் பெட்டி. வந்த கம்பியோ ஒன்று. ஒரு குழாயில் வரும் தண்ணீரை நான்கு குழாய்களுக்குப் பிரிப்பதைப் போல, ஒரு கம்பியில் வரும் போக்குவரத்தை நான்கு கம்பிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் உபகரணத்துக்குத்தான் இந்தத் துறையில் ஸ்விட்ச் என்று பெயர். சுவரில் விளக்கைப் போட்டு அணைக்கும் ஸ்விட்சுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தமில்லை.

தண்ணீர் உவமை பாதிதான் பொருந்தும் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். தண்ணீர் எந்தக் குழாயில் போகிறோம் என்று பார்ப்பதில்லை. ஸ்விட்சின் வழியே போகும் ஒவ்வொரு பொட்டலமும் இன்னாருக்கு என்று விலாசம் எழுதியே வருகிறது, விலாசதாரர் இருக்கும் கம்பியில் மாத்திரம் போகிறது. எப்படி என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ரவுட்டர் என்று ஒருமையில் நாம் பெயரிட்டு அழைக்கும் பெட்டி உண்மையில் ஒரு கூட்டுக் குடும்பம். வெளியுலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நின்று, உள்ளேயிருந்து போவதையும் வெளியேயிருந்து வருவதையும் விலாசம் மாற்றி எழுதி அனுப்புகிற மூத்தவர் ஒருவர் இருக்கிறார். ரவுட்டர் என்ற பட்டம் நியாயமாக அவர் ஒருவருக்கே உரியது. அழையாத விருந்தாளியை வாசலோடு திருப்பி அனுப்பும் காவல்காரர் ஒருவர். வீட்டில் புதிதாக நுழையும் ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் இலக்கம் வழங்கும் கணக்கர் ஒருவர். கம்பியில்லாமல் காற்றில் பேசும் வானொலிக்காரர் ஒருவர். இவர்கள் அனைவருக்கும் பின்னால், பெட்டியின் முதுகுப் பக்கத்தில் வரிசையாகத் தெரியும் நான்கு துளைகளையும் ஏற்று, யார் யாருக்கு என்று பார்த்துக் கைமாற்றி விடுகிற ஸ்விட்ச் ஒருவர். பெயர்ப் பலகையில் அவருக்கு இடமில்லை. விற்கிறவர்கள் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைத்தான் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்களே தவிர, ஸ்விட்ச் உண்டு என்பதைப் பொடி எழுத்தில்தான் சொல்லுகிறார்கள்.

ஒரு ரவுட்டருக்கு வயதாகிவிட்டது என்று நாம் சொல்லும்போது, இந்தக் குடும்பத்தில் யாருக்கு வயதாயிற்று என்று விசாரிப்பதில்லை. வானொலிக்காரருக்கு வயதாவது நிச்சயம். அவருடைய பாஷை சில வருஷங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டேயிருக்கிறது, பழைய பாஷையின் பூட்டுகள் உடைக்கப்பட்டும் விடுகின்றன. வைஃபையின் முதல் பூட்டாகிய வெப் என்பதை 2001-லேயே ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். மூத்தவருக்கும் வயதாகிறது, அவருடைய மூளையாகிய பிராசஸர், இன்றைய இணைப்புகளின் வேகத்துக்கு விலாசம் மாற்றி எழுதிக் கொடுக்க முடியாமல் திணறுகிறது. காவல்காரருக்கு வேண்டிய புதுச் செய்திகளைத் தயாரிப்பாளர் சில வருஷங்களோடு நிறுத்திவிடுகிறார். ஆனால் ஸ்விட்சின் வேலையை அந்த மூளை செய்வதே இல்லை. அதற்கென்று பிரத்தியேகமான ஒரு சில்லு இருக்கிறது. ஒரு துளையில் நுழைந்து இன்னொரு துளையில் வெளியேறும் பொட்டலத்தைப் பிராசஸரின் காதுக்கே எட்டாமல் அது அனுப்பிவிடுகிறது. கம்பி வழியாகப் பேசும் முறையோ, 100 மெகாபிட் வேகத்துக்கு 1995-லும், நான்கு ஜோடிக் கம்பியில் ஆயிரம் மெகாபிட் வேகத்துக்கு 1999-லும் வகுத்த விதிகளின்படிதான் இன்றும் வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே பரணில் கிடந்த பெட்டிக்குள் நால்வர் கிழவர்களாகிவிட்டிருக்க, ஐந்தாமவர் மாத்திரம் கடையிலிருந்து வந்த நாளில் இருந்த திடகாத்திரத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். மருமகப்பிள்ளை சொன்னதன் தாத்பரியம் இதுதான்.

இந்த ஐந்தாமவரின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 1973 மே மாதம் 22-ஆம் தேதி, கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ராபர்ட் மெட்காஃப், ஒரே கம்பியைப் பல கம்ப்யூட்டர்கள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு ஈதர்நெட் என்று பெயரிட்டுக் குறிப்பு ஒன்று எழுதினார். ஒளி பரவுவதற்கு ஆதாரமாக எங்கும் நிறைந்திருப்பது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பௌதிக சாஸ்திரிகள் நம்பி, பின்னர் கைவிட்ட ஈதரின் பெயரையே, எல்லாருக்கும் பொதுவான அந்தக் கம்பிக்கு அவர் சூட்டினார். டேவிட் பாக்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் அமைத்த முதல் ஏற்பாட்டின் வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். பொதுக் கம்பி என்றால் பொதுக் கம்பிதான்: ஒருவர் பேசினால் எல்லார் காதிலும் விழும், இருவர் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தால் இரண்டு பேச்சும் குழம்பி, இருவரும் நிறுத்தி, ஆளுக்கு ஒரு கணம் தாமதித்து மறுபடி தொடங்க வேண்டும். பின்னால் வந்த ஹப் என்னும் பெட்டியும், கம்பிகளை ஓரிடத்தில் கூட்டியதே தவிர, ஒருவர் சொன்னதை எல்லாருக்கும் திரும்பக் கத்தும் வழக்கத்தை விடவில்லை.

அந்தக் கூச்சலுக்கு முடிவு கட்டும் பெட்டியை, ஒரே சமயத்தில் பல ஜோடிகள் ஒருவருக்கொருவர் இடைஞ்சலில்லாமல் பேசிக்கொள்ளும்படி ஏழு துளைகளோடு செய்து, 1990-ல் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் கம்பெனியின் பெயர் கல்பனா. அதன் ஸ்தாபகர்களில் ஒருவரும் இந்திய வம்சாவளியினருமான வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். நம் கற்பனை என்ற சொல்லேதான் அது. 1994-ல் சிஸ்கோ கம்பெனி அதை விலைக்கு வாங்கிக்கொண்டது, பெயர் மறைந்தது, பெட்டி உலகமெங்கும் பரவி, இறுதியில் சில்லாகச் சுருங்கி, எங்கள் வீட்டுப் பரணில் பல்லி முட்டைகளுக்கு அடியில் வந்து தூங்கிற்று.

அது வேலை செய்யும் விதம் எனக்கு எங்கள் பாட்டியையே ஞாபகப்படுத்துகிறது. பாட்டி நடைக்குப் பக்கத்தில், எல்லா அறை வாசல்களும் தெரியும்படி உட்கார்ந்திருப்பாள். யார் எந்த அறையிலிருந்து வெளியே வருகிறார் என்று பார்த்துக்கொள்வாளே தவிர, யாரிடமும் போய் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்கமாட்டாள். தபால்காரர் கடிதம் கொண்டுவந்தால், பெயரைக் கேட்டவுடனே, அவன் மேற்கு அறையில் இருக்கிறான் என்று அங்கே அனுப்புவாள். பெயருக்குரியவன் எங்கே என்று தெரியாவிட்டால் எல்லா அறைக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுப்பாள். அவன் பதில் சொன்ன திசையை வைத்து இடத்தைத் தெரிந்துகொள்வாள். அடுத்த தடவை குரல் கொடுக்கமாட்டாள். ஸ்விட்சும் இதையேதான் செய்கிறது. கம்பியில் பேசும் ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பொறித்துக் கொடுத்த 48 பிட் கொண்ட மேக் விலாசம் உண்டு. பொட்டலத்தில் பெறுநர் விலாசத்தோடு அனுப்புநர் விலாசமும் இருப்பதால், பொட்டலம் எந்தத் துளை வழியாக வந்ததோ அந்தத் துளையில் அந்த அனுப்புநர் இருக்கிறார் என்று ஸ்விட்ச் தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பாட்டிக்கு மறதியும் உண்டல்லவா? ஸ்விட்சுக்கும் உண்டு, ஐந்து நிமிஷம் ஒருவர் வாயைத் திறக்காவிட்டால் அவர் பெயரை அட்டவணையிலிருந்து அழித்துவிடுவது பொதுவான வழக்கம். இது குறையல்ல. ஒரு கருவியைப் பிடுங்கி வேறு துளையில் மாட்டினால் பழைய குறிப்பு பொய்யாகிவிடும் என்பதற்காகவே ஏற்படுத்திய மறதி.

இனி, பழைய ரவுட்டரை ஸ்விட்சாக மாற்றுவது எப்படி என்றால், உண்மையில் எதையும் மாற்றுவதில்லை; மற்ற நால்வரையும் வாயை மூடிக்கொண்டு உட்காரச் செய்வதுதான் வேலை முழுவதும். இது தெரியாமல் நான் செய்த அவசரத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மருமகப்பிள்ளை சாயங்காலம் சிநேகிதனைப் பார்க்கப் போயிருந்த சமயம், ஓட்டையை ஓட்டையோடு இணைப்பதற்கு எதற்கு ஒரு சர்வர் அறை உத்தியோகஸ்தன் என்று நினைத்து, பல்லி முட்டைகளை ஊதித் தள்ளி, பெட்டியைத் துடைத்து, மின்சாரம் கொடுத்து, கூடத்திலிருந்து வந்த கம்பியை அதன் ஒரு துளையில் செருகி, மற்றத் துளைகளில் டி.வி.யையும் கம்ப்யூட்டரையும் மாட்டினேன். எல்லாம் ஓடிற்று. நான் காபி குடிக்கப் போனேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வினோதம் ஆரம்பமாயிற்று. வீட்டிலேயே இருந்தவர்களின் போன்களில் ஒரு குறையும் இல்லை. கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்களின் போன்களில் மாத்திரம், வைஃபை நிறையக் காட்டியும் இன்டர்நெட் வரவில்லை. அம்மன் கோபம் என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார்.

திரும்பி வந்த மருமகப்பிள்ளை, பெட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். “ஒரே டாக்டர் ரூமுக்கு ரெண்டு கம்பவுண்டர் டோக்கன் கொடுத்தா இப்படித்தான் மாமா ஆகும்.”

விஷயம் இதுதான். முன்னே சொன்ன கணக்கர் ஒருவர், டி.எச்.சி.பி. என்ற பெயருடையவர், 1993 முதல் இந்த உத்தியோகத்தில் இருப்பவர். வீட்டுக்குள் வரும் கருவி, எனக்கு ஓர் இலக்கம் கொடுங்கள் என்று ஊருக்கே கேட்கும்படி கூவுகிறது, கணக்கர் 192.168 என்று தொடங்கும் இலக்கம் ஒன்றைக் கொடுத்து, வெளியுலகத்துக்குப் போக வேண்டுமானால் இன்ன வாசல் வழியே போ என்றும் சொல்லி அனுப்புகிறார். உள் வலைகளின் உபயோகத்துக்கென்றே 1994-ல் ஒதுக்கி வைத்த இலக்கங்கள் அவை; எந்த வீட்டிலும் இருக்கலாம், வீட்டுக்கு வெளியே செல்லாது. இப்போது எங்கள் வீட்டில் வெள்ளைப் பெட்டியின் கணக்கர் ஒருவர், கறுப்புப் பெட்டியின் கணக்கர் ஒருவர். யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவருடைய இலக்கத்தைக் கருவி வாங்கிக்கொள்ளும். கறுப்புப் பெட்டிக்காரர் சுறுசுறுப்பானவர். ஆனால் அவர் காட்டிய வாசலோ பரணில் பல வருஷம் இருந்த தம் சொந்த வாசல், அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. வீட்டிலேயே இருந்த போன்கள் பழைய டோக்கனோடு இருந்ததால் தப்பின. வெளியே போய் வந்தவை புது டோக்கன் வாங்கி ஏமாந்தன.

ஆகையால் செய்யவேண்டிய கிரமம் வேறு. முதலில் பழைய பெட்டியை வீட்டு வலையோடு சேர்க்கவே கூடாது. தனியே வைத்து, அதற்கும் ஒரு லேப்டாப்புக்கும் மாத்திரம் ஒரு கம்பி போட வேண்டும். பின்புறம் ஊசித் துளை ஒன்றில் ரீசெட் என்று எழுதியிருக்கும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு பேப்பர் கிளிப்பின் முனையை விட்டு, விளக்குகள் அணைந்து எரியும்வரை பத்து விநாடிக்கு மேல் அழுத்திக்கொண்டிருந்தால், பெட்டி தன் பழைய ஜன்மத்து ஞாபகங்களையெல்லாம் மறந்து தொழிற்சாலைப் பிராயத்துக்குத் திரும்பிவிடும். மறந்துபோன பாஸ்வேர்டைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்வோருக்கு இது ஒன்றே மருந்து. பிறகு லேப்டாப்பின் பிரவுசரில் பெட்டியின் விலாசத்தை அடித்தால் அதன் நிர்வாகப் பக்கம் திறக்கும். விலாசமும் பிரவேசச் சொல்லும் அடிப்புறக் காகிதத்திலேயே அச்சாகியிருக்கும், பூச்சி விட்டுவைத்திருந்தால்.

அங்கே செய்யவேண்டியவை மூன்றே காரியங்கள். வைஃபையை அணைப்பது ஒன்று; அதில் விசேஷமில்லை. பெட்டியின் சொந்த விலாசத்தை மாற்றுவது இரண்டாவது. வெள்ளைப் பெட்டி 192.168.1.1-ல் குடியிருக்கிறது, பழைய பெட்டிகளில் பலவும் அதே விலாசத்தில் குடியிருப்பதாகத்தான் பிறவியிலேயே நினைத்துக்கொண்டிருக்கின்றன, இரண்டும் ஒரே கதவிலக்கத்தைச் சொன்னால் தபால் கெட்டுவிடும். ஆகவே பழையதற்கு, வெள்ளைப் பெட்டியின் கணக்கர் யாருக்கும் டோக்கனாகக் கொடுக்காத ஓர் இலக்கத்தை, எங்கள் வீட்டில் 192.168.1.250-ஐ, கொடுத்தோம். அதைக் கொடுத்தவுடன் பெட்டி ஒருமுறை அணைந்து எழும். புது விலாசத்தில்தான் மறுபடி உள்ளே போக முடியும். மூன்றாவதாகவும் கடைசியாகவும், டி.எச்.சி.பி.யை அணைப்பது. கடைசியாக என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கணக்கர் போன கணத்திலிருந்து உங்கள் லேப்டாப்புக்கு இலக்கம் கொடுக்க ஆளில்லை, 169.254 என்று தொடங்கும் அநாதை இலக்கம் ஒன்றைத் தானே சூட்டிக்கொண்டு அது விழிக்கும். முதன்முறை செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் பெட்டி கெட்டுவிட்டது என்று பயந்து மறுபடி பேப்பர் கிளிப்பை எடுக்கிறார்கள். கெடவில்லை, சொன்னதைக் கேட்டிருக்கிறது.

அடுத்தது எந்தத் துளையில் கம்பியைச் செருகுவது என்ற பிரச்னை. ரவுட்டரின் முதுகில் லேன் என்று எழுதிய துளைகள் நான்கும், வேறு நிறத்தில் அல்லது சற்றுத் தள்ளி, வான் என்று எழுதிய துளை ஒன்றும் இருக்கும். ஆங்கிலச் சொற்கள் மூன்றின் முதலெழுத்துக்கள்தாம் அவை என்றாலும், தமிழில் எழுதும்போது ஆகாயம் என்ற பொருள் தானே வந்து அமைந்துவிடுவது எனக்குப் பிடித்திருக்கிறது; வெளியுலகம் வந்து இறங்கும் வாசல் அதுவல்லவா? அந்த வாசலில்தான் மூத்தவரும் காவல்காரரும் நிற்கிறார்கள். கூடத்துக் கம்பியை வானில் செருகினால் அவர்கள் இருவரும் விழித்தெழுந்து விலாசம் மாற்றும் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். வீட்டுக்குள் இன்னொரு வீடு ஏற்பட்டு, முன் கட்டில் இருக்கும் போனுக்கு இரண்டாம் கட்டுப் பிரின்டர் தெரியாமல் போய்விடும். ஆகவே வெள்ளைப் பெட்டியின் லேன் துளைக்கும் கறுப்புப் பெட்டியின் லேன் துளைக்குமே சம்பந்தம் செய்துவைக்க வேண்டும். வானை ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பால் மூடிவிட்டோம். நான்கு துளைகளில் ஒன்று கூடத்துக் கம்பிக்குப் போக, மிஞ்சுவது மூன்று. எங்களுக்கு வேண்டியது நான்கு! பிரின்டரைப் பழையபடி வைஃபைக்கே அனுப்பிவிட்டு, மற்ற மூன்றையும் மாட்டினோம்.

மூடிய வானைத் திறந்து ஐந்தாவது துளையாகவும் உபயோகிக்க வழி உண்டு. சில பெட்டிகளின் நிர்வாகப் பக்கத்தில் அக்சஸ் பாயின்ட் என்ற ஒரு தெரிவு இருக்கிறது. அதை அழுத்தினால், வைஃபையை அணைப்பது தவிர, மேலே சொன்ன சில்லறை வேலைகளைப் பெட்டி தானே செய்துகொண்டு, வானையும் லேனோடு சேர்த்துவிடும். அந்தத் தெரிவு இல்லாதவற்றுக்கு வேறு ஓர் உபாயம், கொஞ்சம் துணிச்சல்காரர்களுக்கு. 2002 டிசம்பரில் லிங்க்ஸிஸ் கம்பெனி அமெரிக்காவில் வெளியிட்ட டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்னும் நீலமும் கறுப்புமான ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுகிறது என்று சிலர் கண்டுபிடித்தார்கள்; லினக்ஸின் உரிம விதிப்படி மூல நிரலைக் கொடுத்தாக வேண்டும் என்று கேட்டார்கள்; 2003-ல் கம்பெனி அதை வெளியிட்டது. அந்த நிரலை அடிப்படையாகக் கொண்டு 2004-ல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்ற சுதந்திர மென்பொருள் எழுந்தது. இன்று எத்தனையோ கம்பெனிகளின் ரவுட்டர்களில் அதை ஏற்றலாம். ஏற்றிப் பார்த்தால் ஒரு ரகசியம் வெளிப்படும்: பல பெட்டிகளில் வானும் லேனும் ஒரே ஸ்விட்ச் சில்லின் துளைகள்தாம், நடுவே மென்பொருள் ஒரு தட்டி கட்டி வைத்திருக்கிறது, அவ்வளவே. தட்டியை எடுத்துவிட்டால் ஐந்தும் ஒன்று. ஆனால் தவறான மென்பொருளை ஏற்றினாலும், ஏற்றும்போது மின்சாரம் போனாலும், பெட்டி செங்கல்லாகிவிடும். எங்கள் ஊர் மின்சாரத்தின் குணத்தை உத்தேசித்து நான் அந்தச் சாகசத்தில் இறங்கவில்லை. தொலைபேசிக் கம்பியில் வந்த ஏ.டி.எஸ்.எல். மோடம்கள் வீட்டில் கிடந்தால், அவற்றில் வானுக்குப் பதில் தொலைபேசித் துளைதான் பெரும்பாலும் இருக்கும். அதை மறந்துவிட்டு நான்கு லேன் துளைகளையும் இதே முறையில் உபயோகிக்கலாம்.

எல்லாம் ஒழுங்காக நடந்த பிறகு காணும் பொங்கலன்று ஒரு சம்பவம். திடீரென்று வீடு முழுவதும் இன்டர்நெட் நின்றது. வைஃபையும் நின்றது, கம்பியும் நின்றது. போய்ப் பார்த்தால் கறுப்புப் பெட்டியின் விளக்குகள், வழக்கம்போல் ஒன்று மாற்றி ஒன்று சிமிட்டாமல், எல்லாம் ஒரே தாளத்தில் வெறிபிடித்தவை போல் துடித்துக்கொண்டிருந்தன. பிரின்டருக்காக எடுத்து, பிறகு வேண்டாமென்று விட்ட கம்பி பெட்டியில் மாட்டியிருந்தது. அதன் இரு முனைகளுக்கும் இடம் கொடுப்பதற்காக டி.வி.யின் கம்பியும் கம்ப்யூட்டரின் கம்பியும் கழற்றப்பட்டிருந்தன.

“கம்பி ஒண்ணு சும்மா தொங்கிச்சு தாத்தா. அதான் மாட்டிட்டேன்,” என்றாள் பேத்தி, ஒழுங்கு செய்துவைத்த பெருமிதத்தோடு.

இரு முனைகளையும் ஒரே பெட்டியில் மாட்டியிருந்தாள். பாட்டி கொடுத்த குரல் ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசல் வழியாக அவளுக்கே திரும்பி வந்து, அதை வேறு யாரோ கூப்பிடுவதாக நினைத்து அவள் மறுபடி எல்லா அறைக்கும் குரல் கொடுத்தால் எப்படியிருக்கும்? ஈதர்நெட் பொட்டலத்துக்கு ஆயுள் கணக்கு கிடையாது. இத்தனை தடவை கைமாறினால் செத்துப்போ என்று அதில் எழுதப்படவில்லை. ஆகவே எல்லாருக்கும் என்று அனுப்பிய ஒரே ஒரு பொட்டலம், வட்டத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி, விநாடிக்குள் கம்பி முழுவதையும் அடைத்துவிடுகிறது. இந்த வட்டச் சனியனுக்குப் பரிகாரம் கண்டவர் ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார். டெக் என்ற அமெரிக்கக் கம்பெனியில் இருந்தபோது, பெட்டிகள் தங்களுக்குள்ளேயே கலந்து பேசி, வட்டம் உண்டாக்கும் இணைப்புகளை மாத்திரம் செயலிழக்கச் செய்து, மிச்சத்தை மரக்கிளைகள்போல் அமைத்துக்கொள்ளும் யுக்தியை 1985-ல் வெளியிட்டார். அதை ஒரு சிறு கவிதையாகவும் எழுதி வைத்தார். பெரிய ஸ்தாபனங்களின் ஸ்விட்சுகள் எல்லாவற்றிலும் அந்த யுக்தி இருக்கிறது. வீட்டு ரவுட்டர்களில் பலவற்றில் அது இல்லை, அல்லது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பேத்தி மாட்டிய கம்பியைப் பிடுங்கினேன். ஒரு நிமிஷத்தில் வீடு உயிர்பெற்றது. அந்தக் கம்பியைச் சுருட்டிப் பரணில் போட்டோம்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பெட்டி 100 மெகாபிட் பெட்டி. வெளியிலிருந்து வரும் இணைப்போ அதைவிட வேகமானது. இது நஷ்டமல்லவா என்றால், கம்ப்யூட்டருக்கு ஓரளவு நஷ்டம்தான், டி.வி.க்கு நஷ்டமே இல்லை, இன்றைய டி.வி.க்களில் பெரும்பாலானவற்றின் கம்பித் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் ஓடாது, மிக உயர்ந்த தரப் படத்துக்கும் 25 மெகாபிட்டே தாராளம். ஆனால் பின்னால் மாட்டிய மூன்றும் கூடத்துக்குப் போகும் ஒரே கம்பியைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை மறக்கலாகாது. ஆயிரம் மெகாபிட் பெட்டி கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். அவர்களும் தங்கள் கம்பியின் முனையைக் கிரிம்ப் செய்தவர் எட்டு இழைகளையும் சேர்த்தாரா, நான்கோடு நிறுத்திவிட்டாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் 100-க்கு நான்கு இழை போதும், ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். நான்கோடு நிறுத்தும் சிக்கனத்தை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

பணத்தை மிச்சம் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை. ஐந்து துளைப் புது ஸ்விட்ச் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது; மின்சாரமும் பழைய பெட்டியைவிடக் குறைவாகவே குடிக்கும். எங்கள் பெட்டியின் அடாப்டரில் 9 வோல்ட், 0.6 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது; முழுவதையும் விழுங்கினாலும் 5.4 வாட், மாதத்துக்கு நான்கு யூனிட்டுக்குள். அந்த அடாப்டரைப் பற்றித்தான் ஜாக்கிரதை வேண்டும். பரணில் பெட்டியையும் அடாப்டரையும் பிரித்துப் போட்டுவிட்டு, பிற்பாடு முனை பொருந்துகிறதே என்று 12 வோல்ட் அடாப்டரைச் செருகிப் பெட்டியைப் புகைய விட்டவர்கள் உண்டு. உள்ளேயிருக்கும் சிறு உருளைக் கப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் பூரிபோல் உப்பியிருந்தால், அந்தப் பெட்டி இரண்டாம் உத்தியோகத்துக்குத் தகுதியற்றது. எடைக்காரரிடம் அல்ல, மின்கழிவு வாங்குவோரிடம் சேர்க்க வேண்டும். 2022-ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் உண்டான மின்கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவிகிதமே என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை சொல்லுகிறது. அந்த மலையில் ஒரு பெட்டி குறைந்ததைப் பெரிய சேவையாக நான் கருதவில்லை. உள்ளே திடமாக இருந்த ஒருவரை நால்வரோடு சேர்த்துக் குப்பையில் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கறுப்புப் பெட்டி டி.வி.க்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஆன்டெனாக்களைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன்; கழற்ற முடியாதபடி ஒட்டிச் செய்திருக்கிறார்கள். அதனால் வருகிற விருந்தாளிகள் அவற்றைப் பார்த்ததும், அண்ணே, பாஸ்வேர்டு என்ன என்று கேட்டுக்கொண்டே பெட்டியைத் திருப்பி அடிப்புறத்தைப் படிக்கிறார்கள். மருமகப்பிள்ளை ஊருக்குப் புறப்படுமுன், அங்கிருந்த பழைய காகிதத்தைச் சுரண்டிவிட்டு, மருத்துவப் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டி, மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறான்: “192.168.1.250. வைஃபை கிடையாது. ரீசெட் பண்ணாதீங்க மாமா.”